வன்னி வீதிகளில் காரின் பாட்டுச் செற்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டுச் செற் பழுதாகிவிட்டது என்று கொண்டுவரப்படும் கார்களிலும் வான்களிலும் செற்றே உண்மையில் பழுதாகியிருப்பது குறைவு என்பதே, கிளிநொச்சிப் பக்கத்தில் வாகன மின்வேலை செய்துவரும் எனது அனுபவம். பெரும்பாலும் குறை பற்றரியிலோ, நிலத்தொடுப்பிலோ (கறுப்பு வயரைக் காரின் இரும்பு உடலோடு இணைக்கும் இடம்), அன்ரனாவிலோ, பென் டிரைவிலோ இருக்கும். சில வேளைகளில் அது நமது பழக்கத்திலேயே இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களைச் செற்றுக்குக் கைவைக்கும் முன்னர் பார்க்க வேண்டியவற்றை முன்னிறுத்தி இங்கே எழுதியிருக்கிறேன்.

ஜப்பானிலிருந்து வந்த காரில் நமது வானொலி நிலையங்கள் ஏன் எடுபடுவதில்லை?

ஜப்பானில் எப்.எம். ஒலிபரப்புக்கு 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதியே நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 2014ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அது 95 வரை நீட்டப்பட்டது. இலங்கை நிலையங்களோ 88க்கும் 108க்கும் இடையில் ஒலிபரப்புகின்றன. ஆகவே பாவித்த நிலையில் இறக்குமதியான விற்ஸ், அக்குவா, வகன் ஆர் போன்றவற்றுடன் கூடவே வந்த பழைய செற்றில் 90க்கு மேலுள்ள எதுவும் கேட்காது. அந்தச் செற்றில் குறை ஒன்றும் இல்லை. அது வேறொரு நாட்டின் வானொலிக்காகச் செய்யப்பட்டது.

இதற்குப் பரிகாரமாக விற்கப்படுவது பான்ட் எக்ஸ்பாண்டர் எனப்படும் சிறு பெட்டி. அன்ரனா வயருக்கும் செற்றுக்கும் இடையில் பொருத்தப்படும் அந்தப் பெட்டி, வரும் அலையைக் குறித்த ஓர் அளவால் கீழே இறக்கிக் கொடுக்கிறது. 12 மெகாஹேர்ட்ஸ் இறக்குகின்ற பெட்டியாயின், 100.0இல் வருகின்ற நிலையம் திரையில் 88.0 என்று காட்டும். இங்கே பலர் ஏமாறுகின்ற ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 76 முதல் 90 வரையான செற்றுக்கு எட்டுகின்ற அகலம் 14. நமது அகலமோ 20. எனவே எந்தப் பெட்டியைப் போட்டாலும் ஒரு துண்டு வெளியே நின்றே தீரும். 12 இறக்கினால் 88 முதல் 102 வரை கேட்கும்; 18 இறக்கினால் 94 முதல் 108 வரை கேட்கும். வீட்டில் எல்லோரும் விரும்பிக் கேட்கின்ற நிலையங்களின் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், அவை எந்தத் துண்டுக்குள் விழுகின்றன என்று பார்த்த பின்னரே பெட்டியைத் தெரிவு செய்யவேண்டும். 95 வரை போகின்ற புதிய செற் உள்ளவர்களுக்கு 12 இறக்கும் பெட்டியே 107 வரை கொடுத்துவிடும் என்பதால் இந்தத் தலையிடி பெரும்பாலும் இல்லை.

அந்தச் செற்றில் நாங்கள் இங்கே வாங்கிய டிவிடியும் ஓடவில்லையே?

டிவிடிகள் உலகை வலயங்களாகப் பிரித்து விற்கப்பட்டவை. ஜப்பான் 2ஆம் வலயத்தையும் தென்னாசியா 5ஆம் வலயத்தையும் சேர்ந்தவை. வலயப் பூட்டு இல்லாத தட்டும் உண்டு. பூட்டு உள்ள தட்டை ஜப்பானியச் செற் மறுத்துவிடும். தட்டைக் கழுவித் துடைத்துப் பயனில்லை.

பற்றரியை மாற்றிய பின்னர் திரை பூட்டிக்கொண்டு ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்கிறது. என்ன செய்வது?

மின் முற்றாகத் துண்டிக்கப்பட்டு மீண்டும் வந்தால், யாரோ செற்றைக் களவெடுத்துவிட்டார்கள் என்று கருதிப் பூட்டிக்கொள்ளும் வகையில் பல டொயோட்டா நவிகேஷன் செற்கள் அமைக்கப்பட்டுள்ளன. அவை திறவுச்சொல்லையும், சில மாதிரிகளில் வரைபடம் உள்ள எஸ்டி அட்டையையும் கேட்கும். இலங்கையில் அந்த வரைபடத்தால் ஒரு பயனும் இல்லை என்று எண்ணி அட்டையைக் கழற்றித் தொலைபேசிக்குப் போட்டு அழித்துவிட்டவர்களே இந்தச் சிக்கலில் பெரிதும் அகப்படுகிறார்கள். அட்டையை அது இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். திரை பூட்டிக்கொண்டால் கண்டபடி எண்களை அழுத்திப் பார்க்காமல், திரையில் தெரிவதைப் படம் எடுத்துக்கொண்டு, அந்த மாதிரியைத் திறந்து பழகிய ஒருவரிடம் காட்டுங்கள். பற்றரி மாற்றும்போது வேறொரு 12 வோல்ற் மூலத்திலிருந்து தற்காலிகமாக மின் கொடுத்துவைக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் இந்தச் சிக்கலே எழாது.

மாங்குளம் தாண்டியதும் ஒட்டுசுட்டான் பக்கம் போகப் போக வானொலி இரைகிறது. செற் பழுதா?

எப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது; கோபுரத்திலிருந்து விலகவும் காடு அடரவும் அது மெலியும். வன்னி நிலம் தட்டையானது என்பதால் உயரமான கோபுரத்தின் வீச்சு நமக்கு ஓரளவு வாய்ப்பாகவே அமைகிறது. மாங்குளத்துக்கு வடக்கே 2011இல் திறக்கப்பட்ட கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரத்தின் உயரம் 174 மீற்றர். ஆகவே ஒரே இடத்தில் நிறுத்தி, உங்கள் காரையும் இன்னொருவருடைய காரையும் ஒரே நிலையத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் இரைந்தால் அது தூரத்தின் குறை. உங்களுடையது மட்டும் இரைந்தால் அன்ரனாவைப் பார்க்க வேண்டும்.

முதலில் தடியைத் திருகிக் கழற்றி அடியிலுள்ள புரியைப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையோரம் ஓடுகின்ற வாகனங்களில் உப்புக் காற்றால் அது பச்சை பூத்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் உரசித் துடைத்து, இறுக்கிப் பூட்டினாலே பாதிக் குறை தீர்ந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். புதிய செற் போட்ட நாளிலிருந்துதான் இரைச்சல் என்றால் காரணம் வேறு. 100 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீற்றர். அதன் காற்பங்கான 75 சென்ரிமீற்றர் தடியே இயல்பாக நன்கு பிடிக்கும். இக்காலக் கார்களின் குட்டைத் தடியும் சுறாச்செட்டை அன்ரனாவும் அந்தக் குறையை அடியிலுள்ள சிறு மின்பெருக்கியால் ஈடுசெய்கின்றன. அந்தப் பெருக்கிக்குச் செற்றின் நீல வயரிலிருந்து மின் போகவேண்டும். புதிய செற் பொருத்துபவர்கள் அந்த வயரைத் தேவையில்லை என்று சுற்றி ரேப் ஒட்டி விட்டுவிடுவதுண்டு. நிலையங்கள் அன்றே போய்விடும்.

இஞ்சினை முடுக்க முடுக்க ஸ்பீக்கரில் ஒரு ஊளைச்சத்தமும் ஏறுகிறது. ஏன்?

அது, இஞ்சினோடு சுழன்று மின் உண்டாக்கும் அல்ரனேற்றரின் சத்தம். இஞ்சினின் வேகத்தோடு சுருதி ஏறியிறங்கினால் வேறு சந்தேகம் வேண்டாம். செற்றும் அம்பும் (ஒலியைப் பெருக்கும் தனிப்பெட்டி) வெவ்வேறு இடங்களில் நிலத்தொடுப்புப் பெற்றிருந்து, அவ்விரு இடங்களுக்கும் இடையில் சிறிய மின்னழுத்த வேறுபாடு இருந்தால், அந்த வேறுபாடு பாட்டோடு கலந்து ஊளையாகக் கேட்கிறது. தொலைபேசியைக் காரில் சார்ஜ் செய்துகொண்டே அதைச் செற்றோடு இணைக்கும் ஓக்ஸ் வயர் மூலம் பாட்டுக் கேட்கும்போதும் இதே வேறுபாடு உண்டாகும். ஆகவே முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால், புளூடூத்துக்கு மாறுவதே செலவில்லாத தீர்வு. சார்ஜரைப் பிடுங்கியதும் எப்.எம். மட்டும் தெளிந்தால் அது மலிவான சார்ஜர் எழுப்பும் இரைச்சல். டாஷ்போட் கமராவும் எல்ஈடி விளக்கும் இப்படிச் செய்யக்கூடியவை.

சார்ஜரில் குறை இல்லையென்றால் அம்பின் கறுப்பு வயரைப் பின்தொடர்ந்து போங்கள். எனது சொந்த வானில் இந்த ஊளைச்சத்தத்தைத் தேடி நான் இரண்டு வாரங்கள் அலைந்தேன்; இரண்டு இரைச்சல் வடிகட்டிகளும் வாங்கினேன். கடைசியில், நானே இறுக்கிய நிலத்தொடுப்புப் போல்ற்றின் கீழே வர்ணத்தைச் சுரண்ட மறந்திருந்தது தெரிந்தது. வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, வயரைக் குட்டையாக வெட்டி, இறுக்கிய பின் துருப்பிடிக்காதபடி கிறீஸ் தடவியதும் ஊளை நின்றது.

முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் (வேர்க்கடலை) வாங்கி வருவதற்குள் பாட்டை ஓடவிட்டால் பற்றரி இறங்கிவிடுமா?

சாதாரணச் செற்றுக்கு மிதமான சத்தத்தில் 2 அம்பியர் அளவு போகிறது என்று வைத்துக்கொண்டால், 20 நிமிடத்தில் முக்கால் அம்பியர்-மணிக்கும் குறைவே செலவாகும். 35 அம்பியர்-மணி கொண்ட நல்ல பற்றரிக்கு அது பொருட்டே அல்ல. ஆனால் பெரிய அம்பும், தாழ்ந்த ஒலிக்கான வூபர் ஸ்பீக்கரும் 15 அம்பியர் இழுத்தால் அதே 20 நிமிடத்தில் 5 அம்பியர்-மணி போய்விடும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே நின்றால் பற்றரியின் பாதி காலியாகிவிடும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கப்படும் ஈய பற்றரி விரைவில் செத்துவிடும். பழைய பற்றரியில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மல்ரிமீற்றர் வைத்திருப்பவர்கள், இஞ்சின் நின்று சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ற் அளவும் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையிலும் காட்டுகிறதா என்று பார்க்கலாம்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் ஒரு வேறுபாடு உண்டு. செற்றுக்கு மின் கொடுப்பது பெரிய பற்றரி அல்ல. அங்கும் சிறிய 12 வோல்ற் பற்றரியே கொடுக்கிறது. பிறேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்திப் பாட்டுப் போட்டால் அந்தச் சிறியது மட்டுமே கரையும். பிறேக்கை மிதித்து அழுத்தி, ஓடத் தயார் என்ற விளக்கு எரிந்த பின்னரே பெரியது சிறியதற்கு ஊட்டும். ஆனால் அந்த நிலையில் கார் எந்நேரமும் நகரத் தயாராக இருப்பதால், பிள்ளைகளை உள்ளே விட்டு இறங்கக்கூடாது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதித்தண்டைக் கையால் சுழற்றி, டைனமோ மின்னில் பாட்டும் செய்தியும் கேட்ட தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ரோர்ச் பற்றரிகூடக் கிடைக்காத ஊர் இது. சுழற்றுவது நின்றால் பாட்டும் நிற்கும் என்பதைக் கையால் அறிந்த அவர்களுக்கு இந்தப் பதிலை நான் விளக்கவேண்டி வந்ததில்லை.

சாவியை எடுத்தால் நேரமும் சேமித்த நிலையங்களும் அழிந்துவிடுகின்றனவே?

செற்றுக்கு இரண்டு மின்வழிகள் வேண்டும். ஒன்று நினைவைக் காக்க எப்போதும் வருவது. மற்றையது சாவியோடு வருவது. கடையில் வாங்கும் செற்களில் வழக்கமாக மஞ்சள் வயர் முன்னையதும் சிவப்பு வயர் பின்னையதும் ஆகும். இரண்டையும் சாவி வழியில் கொடுத்தால் நினைவு அழியும்; இரண்டையும் எப்போதும் வரும் வழியில் கொடுத்தால் செற் அணையாமல் பற்றரியைக் குடிக்கும். காரின் பக்கத்து வயர்களுக்கு இந்த நிறங்கள் பொருந்தா. டொயோட்டாவில் எப்போதும் மின் வருவது மஞ்சள் கோடிட்ட நீல வயரில். சாவியோடு வருவது சாம்பல் நிற வயரில். நிறத்தை நம்பாமல் மீற்றரை நம்புவதே நல்லது.

பியூஸ் அடிக்கடி போகிறது. சற்றுப் பெரியதைப் போடலாமா?

கூடாது. பியூஸ் காப்பது செற்றை அல்ல, வயரை. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 அம்பியர். 10 இருந்த இடத்தில் 30ஐப் போட்டால், அடுத்த முறை பியூஸுக்குப் பதிலாக டாஷ்போட்டுக்குள் இருக்கும் வயர் எரியும். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிச் செருகியிருந்த ஒரு வானை ஒருமுறை திறந்து பார்த்தேன். வயர்க்கட்டு முழுவதும் உருகி ஒட்டியிருந்தது. பியூஸ் அடிக்கடி போனால் எங்கோ வயர் உரசுகிறது. அறுவடை முடிந்த காலத்தில் நிறுத்தி வைத்த வாகனமானால் எலி கடித்திருக்கலாம்.

பென் டிரைவைச் செற் ஏற்பதில்லை. ஏற்றாலும் பாட்டுகள் ஒழுங்குமாறி வருகின்றன. பெயர்களும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. பெரும்பாலான கார்ச் செற்கள் ஃபாட்32 முறையில் ஃபோர்மற் செய்யப்பட்டதையே படிக்கும். கணினியில் என்டிஎஃப்எஸ் என்று ஃபோர்மற் செய்தால் செற்றுக்கு அது வெற்றுப் பென் டிரைவ். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்தவை வழக்கமாக ஃபாட்32 ஆகவே வருவதால், அப்படி ஒன்றை வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. ஃபோர்மற் செய்தால் உள்ளே இருப்பவை அழியும் என்பதால் முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்கு மாறுவது, பல செற்கள் அகரவரிசையைப் பார்க்காமல், கோப்புகள் பென் டிரைவில் எழுதப்பட்ட வரிசையிலேயே பாடுவதனால். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண்ணிட்டு, வெறுமையான பென் டிரைவில் அந்த வரிசையிலேயே ஏற்றினால் சரியாகிவிடும்.

பெயர்கள் கட்டங்களாகத் தெரிந்தால் செற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. அதற்கு வழியில்லாததால் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதே நடைமுறை. ஆனால் தமிழே இல்லாத, வாசிக்கமுடியாத ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரிந்தால், அது பெரும்பாலும், ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்ட பழைய பெயர். அதை எந்தப் புதிய செற்றும் தமிழாகக் காட்டாது.

ஒரே பாட்டு ஒரு பென் டிரைவில் இனிமையாகவும் மற்றதில் தகரம்போலவும் கேட்பது ஏன்?

எம்பி3 கோப்பு எவ்வளவு நெருக்கப்பட்டது என்பதில்தான் இருக்கிறது. வினாடிக்கு 128 கிலோபிற்றில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 1 எம்பி, 320இல் சுமார் 2.4 எம்பி இடம் வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டு 2 எம்பிதான் என்றால் அது அளவுக்கு மீறி நெருக்கப்பட்டது. தாளக்கருவிகளின் கூர்மை முதலில் போகும். அதைத் திரும்ப 320ஆக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது. ஸ்பீக்கர் மாற்ற வந்த பலரை நல்ல கோப்புகள் உள்ள ஒரு பென் டிரைவைப் போட்டுக் காட்டியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வியாபாரத்துக்கு அது நல்லதல்ல என்பது வேறு கதை.

பழைய வானில் கசெற்றும் சிடியும் இருக்கின்றன. அவற்றை எப்படிப் பேணுவது?

சிடியை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பாட்டின் தடத்தோடு சேர்ந்தோடும். வீட்டில் எரித்த சிடியின் சாயம் வெயிலில் மங்கும், மேலே ஒட்டிய தாள் சூட்டில் கழன்று செற்றுக்குள் சிக்கும்.

கசெற்றுக்கு, ஒலித்தலையையும் நாடாவை இழுக்கின்ற றப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்து உலரவிடவேண்டும். மங்கலாகக் கேட்பதில் பாதி அந்தத் தலையில் படிந்த பழுப்புத் தூள்தான். எத்தனையோ இடப்பெயர்வுகளைத் தாண்டி உங்களிடம் கசெற் மிஞ்சியிருந்தால், அதிலும் வீட்டாரின் குரல் பதிந்த கசெற்றாக இருந்தால், அதை வானில் போட்டுக் கேட்கவேண்டாம். செற் நாடாவைத் தின்றால் மீட்க முடியாது. நல்ல ஒரு பிளேயரில் ஒரே ஒருமுறை ஓடவிட்டுக் கணினியில் பதிந்து, அந்தப் பிரதியை வானில் கேளுங்கள்.

புழுதியும் வெயிலும் செற்றை என்ன செய்யும்?

கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கிரவல் வீதியில் ஓடுகின்ற வாகனத்தின் சிடி வாயிலிலும் யூஎஸ்பி வாயிலிலும் செம்புழுதி படியும். பயன்படுத்தாத வாயிலை மூடிவையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரத்தோடு புழுதி ஒட்டிக்கொள்ளும் என்பதால் மென்மையான தூரிகை போதும். தொடுதிரைக்குச் சற்றே ஈரமான மென்துணி போதுமானது. பெற்றோலும் கண்ணாடி துடைக்கும் திரவமும் திரையின் பூச்சை உரித்துவிடும். கச்சான் தின்ற உப்புக்கை திரையில் படாமல் பார்ப்பது, குழந்தைகள் உள்ள வீட்டில் நடவாத காரியம்.

மாரி மழைக்குப் பிறகு கதவு ஸ்பீக்கர் கரகரக்கிறது.

கண்ணாடி வழியே கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அதனை வெளியேற்றக் கதவின் அடியில் துளைகள் உண்டு. அவற்றைச் சேறு அடைத்தால் நீர் தேங்கி, கடதாசிக் கூம்பு நனைந்து உப்பும். ஐப்பசி பிறக்கும் முன்பே மெல்லிய குச்சியால் துளைகளைத் திறந்துவிடுங்கள். வெள்ளம் இருக்கை வரை ஏறிய வாகனத்தில், உலர்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகச் செற்றைப் போட்டுப் பார்ப்பதே அதைக் கொல்லும். முதலில் பற்றரியைக் கழற்றுங்கள்.

பெட்டியில் 4 x 50 வாற் என்று போட்டிருக்கிறதே, அவ்வளவு சக்தி உண்மையா?

அது கணநேர உச்சம். செற்றுக்குள் இருக்கும் பெருக்கி, 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தரக்கூடியது ஒவ்வொன்றுக்கும் 20 வாற் அளவுதான். இந்தத் தொடர்ச் சக்தியைக் காட்டும், ஆர்எம்எஸ் என்று குறித்த எண்ணையே பாருங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வான் நிறைய ஆட்களோடு போகிறவர்கள் சத்தத்தை முழுதாக ஏற்றிவிடுவதுண்டு. அப்போது அலையின் தலை வெட்டுப்பட்டு, சிறிய ஸ்பீக்கர்களின் சுருள் கருகும். குரல் பிளக்கத் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு படி குறைத்து வையுங்கள்.

எவ்வளவு சத்தம் பாதுகாப்பானது?

85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலைத்தலங்களுக்குப் பரவலாகக் கொள்ளப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88இல் 4 மணி நேரம், 91இல் 2 மணி நேரம். பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால் சத்தம் கூடிவிட்டது. பின் இருக்கையில் குழந்தை இருந்தால் வூபரை அணைத்துவிடுங்கள்.

காதைவிடவும் எனக்குக் கவலை தருவது புகையிரதக் கடவை. ஓமந்தைக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் 2013இல் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தைக் குறுக்கறுக்கும் உள்வீதிகளில், தடைக்கதவு இல்லாத இடங்களில் ஊதொலியைக் கேட்பதே முக்கிய காவல். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, பாட்டும் ஓடினால் அந்த ஊதொலி மிகத் தாமதமாகவே காதில் விழும். கடவைக்கு முன்னர் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரு புறமும் பாருங்கள். ஓடும்போது திரையில் பாட்டுத் தேடுவதும் அத்தகையதே: 60 கிலோமீற்றர் வேகத்தில் 2 வினாடிக்கு 33 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு போகிறீர்கள். இரவில் ஏ9 வீதியில் படுத்திருக்கும் மாடு அதற்குள் வந்துவிடும்.

புளூடூத் சில நாள் சேர்கிறது, சில நாள் சேரவில்லை.

செற்றின் பட்டியலில் இடம் நிறைந்திருக்கலாம்; முன்னர் ஏறிய எல்லாருடைய தொலைபேசிகளும் அதில் இருக்கும். செற்றிலும் தொலைபேசியிலும் பழைய இணைப்பை அழித்துப் புதிதாகச் சேருங்கள். சத்தம் மெலிந்தால் தொலைபேசியின் ஒலியளவை மேலே வைத்து, காரில் குறைத்துக் கேளுங்கள்.

செற்றை மாற்றியே ஆகவேண்டிய நேரம் எது?

மின், நிலத்தொடுப்பு, அன்ரனா, ஸ்பீக்கர் ஆகிய நான்கும் சரியென்று கண்ட பின்னரும், வேறொரு நல்ல ஸ்பீக்கரை நேரே பொருத்தியும் ஒரு பக்கம் ஊமையாக இருந்தால், அல்லது திரையின் தொடுகை முற்றாகப் போயிருந்தால் மாற்றலாம். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது; அதனால் இங்கே ஓடுபவற்றில் பழையவையே மிகுதி, விற்கும்போது பார்க்க வருபவர்கள் காருடன் வந்த செற் எங்கே என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது. கழற்றும்போது காரின் வயர்க்கட்டை வெட்ட விடாதீர்கள். இடையில் செருகும் சொக்கெற் விலைக்குக் கிடைக்கிறது. கழற்றிய செற், அதன் சட்டம், திருகாணிகள், எஸ்டி அட்டை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் காரின் இலக்கத்தை எழுதி, எலி ஏறாத இடத்தில் வையுங்கள்.